பாற்பற் சூத்தையும் உமிழ்நீரின் காவலும்

“விழப்போகிற பல்லுக்கு எதற்கு வைத்தியம்?” என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே பலர். ஆறாம் மாதமளவில் முளைக்கத் தொடங்கும் பாற்பற்கள் 20. அவற்றுள் கடைவாய்ப் பற்கள் 10, 11 வயது வரை இருக்க வேண்டியவை. அவை முன்னரே பழுதாகிப் பிடுங்கப்பட்டால் அயற்பற்கள் சரிந்து, நிரந்தரப் பல்லுக்குரிய இடத்தை அடைத்துவிடும்.

சூத்தை புழுவால் வருவதென்று முன்னோர் நம்பினர். உண்மையில், பல்லின் மேற்படியும் படலத்தில் வாழும் பற்றீரியாக்கள் சீனியை அமிலமாக்குகின்றன. பிஎச் பெறுமானம் ஏறத்தாழ 5.5 இற்குக் கீழ் இறங்கியதும் மிளிரியிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் கரையத் தொடங்கும். இதனை உமிழ்நீர் சமப்படுத்த அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லும்.

உமிழ்நீருக்கு வேறொரு பணியும் உண்டு. கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் ஒட்சிசனிலிருந்து சுயாதீன மூலிகங்களை ஆக்கி, அவற்றால் கிருமிகளைக் கொல்கின்றன. அவை மிகுந்தால் நம் சொந்தக் கலங்களையே தாக்கும். இதுவே ஒட்சியேற்ற அழுத்தம் எனப்படுகிறது. இதனைத் தணிக்கும் யூரிக் அமிலமும் சில நொதியங்களும் உமிழ்நீரில் உள்ளன. சூத்தை மிகுந்த சிறுவரின் உமிழ்நீரில் இந்த எதிர்ப்புச் சக்தி கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. குறைந்திருப்பதாகக் கூறும் ஆய்வுகளும் உள. கூடியிருப்பது நோயின் காரணமன்று, நோய்க்கு உடல் காட்டும் மறுமொழி என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆகவே இதற்கென மாத்திரைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சீனியின் அளவைவிட, அதை எத்தனை தடவை உண்கிறோம் என்பதே பெரிது. 1954 இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்று இதனைக் காட்டியது. திருவிழாவில் பிள்ளைக்குக் கிடைக்கும் பஞ்சாமிர்தமோ சர்க்கரைப் பொங்கலோ ஒரே வேளையில் உண்ணப்படுவதால் அவ்வளவு கெடுதியில்லை. கடைத்தெருவில் வாங்கிய இனிப்பை மாலை முழுதும் வாயிலடக்கித் திரிவதே கெடுதி. பாற்போத்தலுடன் உறங்கவிடுவது அதனிலும் கொடிது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும்.

புளோரைட்டுப் பற்பசை மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ஓர் அரிசியளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். இரவில் துலக்கிய பின் தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்கலாகாது. ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரமானது. அதனைப் பாற்பல்லென்று எண்ணி விட்டுவிடுவோர் பலர். அதில் கறுப்புக்கோடு தெரிந்தால், நோவு வரும்வரை காத்திராமல் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் காட்டலாம்.