தேங்காயும் தனி ஊசலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

பட்டம் பெற்றதும் பி.எட். படித்து உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக வேண்டுமென்பது என் எண்ணம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முன்பு ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு 2015ஆம் ஆண்டு முதல் இரண்டாண்டாகிவிட்டது. பிறகு, தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய ஆசிரியர் தகுதித் தேர்வு வேறு. இதையெல்லாம் சொன்னபோது, மூட்டை தூக்கிக் காய்த்துப்போன தோளைத் தடவியபடி என் தந்தையார், "டிகிரி முடிச்சா வேலைன்னுதானே சொன்னே. இன்னும் ரெண்டு வருசமா?" என்றார். என்னிடம் விடையில்லை.

அதே மாதத்தில் இன்னொரு கேள்வியும் வந்தது. மாலையில் எங்கள் திண்ணையில் தெருப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "அண்ணா, குண்டா இருக்கறவங்க உட்கார்ந்தா ஊஞ்சல் சீக்கிரமா போயிட்டு வருமா?" என்றாள்.

"வராது. அலைவு நேரச் சூத்திரத்தில் நிறையே கிடையாது, நீளமும் புவியீர்ப்பு முடுக்கமும்தான்" என்றேன். தேர்வில் மதிப்பெண் வாங்கித் தரும் விடைதான். ஆனால் அவள் முகம் தெளியவில்லை.

செய்தே காட்டுவோம் என்று உத்தரத்தில் 50 செ.மீ. நீளத்தில் இரண்டு நூல்களைக் கட்டினேன். ஒன்றில் சிறு கல். மற்றதில் குடுமியோடு ஒரு தேங்காய். சிறிதளவே இழுத்துவிட்டு, 20 அலைவுகளுக்கு நேரம் பார்த்தோம். அப்பா எண்ணினார், மூட்டைக் கணக்கு எண்ணிய பழக்கம், தவறவே மாட்டார். கல்லுக்கு 29 வினாடி. தேங்காய்க்கு 30! மறுபடி செய்தும் அப்படியே.

"கனமானது மெதுவா ஆடுதே. சூத்திரம் தப்பா அண்ணா?"

காற்றின் தடை என்று சொல்லிச் சமாளிக்கலாமா என ஒரு கணம் தோன்றியதை மறைப்பானேன்? "நாளைக்குச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன்.

ஆய்வகத்தில் நூலின் நீளத்தோடு குண்டின் ஆரத்தையும் கூட்டி எழுதுகிறோம். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றிரவுதான் உறைத்தது. தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் நடுவரை உள்ளதே ஊசலின் நீளம். கல்லின் நடு முடிச்சுக்கு 2 செ.மீ. கீழே, தேங்காயின் நடு 6 செ.மீ. கீழே. ஆக நான் ஆடவிட்டவை 52, 56 செ.மீ. ஊசல்கள். அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப மாறும். கணக்குப் போட்டால் 20 அலைவுக்கு ஏறத்தாழ அதே 29, 30 வினாடிகள்தாம்!

மறுநாள் தேங்காயின் நூலை 4 செ.மீ. குறைத்தேன். இரண்டுக்கும் 29 வினாடி. கனம் இரு மடங்கானால் பூமி இழுப்பதும் இரு மடங்கு. அதை அசைக்க வேண்டிய விசையும் இரு மடங்கு. ஆகவே கனத்தால் ஆதாயமுமில்லை, நட்டமுமில்லை என்று இம்முறை சூத்திரம் இல்லாமலே சொன்னேன். பி.எட். படிப்பில் குறைந்தது 20 வாரம் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என்பது முன்பு எனக்கு அதிகமாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்படின்னா ஊஞ்சல்ல நின்னுக்கிட்டு ஆடினா நடு மேலே போயிடும். சீக்கிரமா வரணுமே?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூங்கா ஊஞ்சலுக்குப் போகிறோம். எண்ணுவதற்கு அப்பாவும் வருகிறார்.