பைத்தானை மாற்றுமுன்…

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு, சுக்கு விற்கும் கடை. அதன் இணையதளம் ஜாங்கோவில், இன்னும் பைத்தான் 3.8-இல் ஓடுகிறதா? அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன.

1. டேட்டாபேஸை பேக்கப் எடுங்கள். போன ஆர்டர் திரும்பாது.

2. பைத்தானையும் ஜாங்கோவையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கோளாறு எதனால் என்றே புரியாது. ஜாங்கோ 4.2.8, பைத்தான் 3.8-இலும் ஓடும், 3.12-இலும் ஓடும். முதலில் அதற்கு வாருங்கள், அடுத்து பைத்தானை 3.12-க்கு ஏற்றுங்கள், கடைசியில் ஜாங்கோ 5.2.

3. வெர்ச்சுவல் என்விரான்மென்டைப் புதிதாகவே உருவாக்குங்கள். பழையது பழைய பைத்தானுக்கானது.

4. டிஸ்ட்யூட்டில்ஸைப் பயன்படுத்துகின்றனவா என்று பழைய லைப்ரரிகளைத் துருவுங்கள், 3.12-இல் அது நீக்கப்பட்டுவிட்டது.

5. கால் கிலோ மிளகுக்கு, மலையாள முகவரியோடு, சோதனை ஆர்டர் போட்டு பில் வரும்வரை பாருங்கள். முகப்புப் பக்கம் திறந்ததை நம்பிவிட வேண்டாம். சிக்கல் பெரும்பாலும் உள்ளேதான்.