கைபேசியை எடுக்கும் முன்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகளை ‘டிஜிட்டல் கதை’ செய்யவைக்க வேண்டும் என்கிறார்கள். முப்பத்தைந்து பேருக்கு என் கைபேசி ஒன்றுதான். பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை. வீடியோ எடுத்து என்ன கற்கப் போகிறார்கள்?
– ஆசிரியை ஒருவர், விருதுநகர் மாவட்டம்

பதில்: வீடியோ எடுப்பதால் மட்டும் பெரிதாக எதையும் கற்க மாட்டார்கள், உங்கள் சந்தேகம் நியாயமானது. கற்பதெல்லாம் அதற்கு முன்பே நடக்கிறது.

1994இல் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி, நினா முல்லன் மூவரும் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மையம் தொடங்கி, சாதாரண மக்களுக்கு டிஜிட்டல் கதை செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுடைய பட்டறையில் முதலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கதையை ஒருவர் கேட்பார்கள். அப்புறம் எழுத்து, சொந்தக் குரலில் பதிவு, கடைசியில் படங்கள். ஒரு கதை மொத்தமே இரண்டு மூன்று நிமிடம். 2001இல் பிபிசி தொடங்கிய ‘கேப்சர் வேல்ஸ்’ திட்டமும் இந்த வழியில் போனதுதான்.

அந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். உங்கள் ஊர்க் கண்மாயையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எந்த வருஷம் மறுகால் பாய்ந்தது என்று பிள்ளைகள் விசாரித்து வரட்டும். பாட்டி ஒரு வருஷம் சொல்வார், பக்கத்து வீட்டுத் தாத்தா வேறொன்று சொல்வார். யார் சொல்வதை நம்புவது, எப்படிச் சரிபார்ப்பது? வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பும் காலத்தில் இதைவிட அவசியமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. பிறகு, எழுதிய இரண்டு பக்கத்தை அரைப் பக்கமாகச் சுருக்கச் சொல்லுங்கள். எதை விடுவது என்று குழுவுக்குள் சண்டையே வரும். வரட்டும், உடனே தீர்த்துவைக்காதீர்கள். பதிவான தன் குரலைக் கேட்ட பிள்ளை, “டீச்சர், இன்னொரு தடவை படிக்கிறேன்” என்று தானாக வந்து நிற்கும். ழகர லகரம் திருந்துவது அங்கேதான்.

ஐந்து பேர் கொண்ட ஏழு குழுக்கள், வாரத்துக்கு ஒரு குழு என்று வைத்தால் ஒரு கைபேசி போதும். அசையும் படம் வேண்டாம். நாலைந்து புகைப்படங்களும் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களும் போதும். இணையத்திலிருந்து படம் எடுப்பதைத் தவிருங்கள். பாட்டியின் முகத்தையோ குரலையோ சேர்ப்பதானால், எங்கே காட்டப் போகிறோம் என்று சொல்லி அனுமதி கேட்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.

நேரத்துக்கும் வழி உண்டு. கட்டுரைப் பயிற்சிக்கு ஒதுக்கும் பாடவேளைகளிலேயே இதைச் செய்யலாம். மதிப்பெண்ணை எழுத்துக்கும் விசாரித்த குறிப்புகளுக்கும் கொடுங்கள். பின்னணி இசைக்கும் எஃபெக்டுக்கும் வேண்டாம்.