வலிக்காத கட்டி

தாராசுரத்தில் பட்டு நெய்வோர், இழையில் சிறு முடிச்சு விழுந்தாலும் விரல் நுனியால் அறிந்துகொள்வர். அதே விரல் தன் மார்பகத்தில் ஒரு கட்டியை உணரும்போது, பெண் பல வேளைகளில் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறாள். புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததை நோயென்று எண்ணும் வழக்கமும் நம்மிடம் இல்லை. நாணமும் சேர்ந்துகொள்ள, மாதங்கள் கழிகின்றன.

கட்டி மட்டுமன்றி, தோல் சுருங்குதல், காம்பு உள்வாங்குதல், காம்பிலிருந்து குருதி கசிதல், அக்குளில் நெறிகட்டுதல் ஆகியனவும் அறிகுறிகளே. மார்பகக் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எனினும், அதனை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டார் அல்லர். 'மேமோகிராம்' என்னும் ஊடுகதிர்ப் படம் விரலுக்குத் தட்டுப்படாத கட்டியையும் காட்டக்கூடும். திசு ஆய்வே நோயை உறுதிசெய்யும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. மறு ஆண்டு அங்குப் பணியேற்ற மருத்துவர் வி. சாந்தா, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும் என்பதை வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். கட்டி மார்பகத்தோடு நிற்கும்போதே சிகிச்சை பெறுவோருள் மிகப் பெரும்பாலோர் நலமடைகின்றனர். பிற உறுப்புகளுக்குப் பரவிய பின் அவ்வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. தாராசுரத்துப் பெண் முதற்பரிசோதனைக்குச் சென்னைவரை செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள கும்பகோணம் அரசு மருத்துவமனைக்குச் சென்றால் போதும்.