சாய்வுக்கு 'எம்' வந்த கதை

கேள்வி: நேர்க்கோட்டை 'ஒய் = எம் எக்ஸ் + சி' என்று எழுதுகிறோமே, சாய்வுக்கு 'எம்' என்று பெயர் வைத்தது யார்? வைத்தவர் கணித மேதை தெகார்த், அவர் பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சு மொழியில் ஏறுவதற்கு 'மோந்த்தே' என்பார்கள், அதன் முதலெழுத்துதான் இது என்று டியூஷனில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. தெகார்த்தின் வடிவியல் நூல் 1637இல் வந்தது. தெரியாத அளவுக்கு எக்ஸ், ஒய் என்றும் தெரிந்த அளவுக்கு ஏ, பி, சி என்றும் எழுதும் பழக்கம் அவர் கொடுத்தது. சாய்வுக்கு எம் என்று அவர் எழுதவில்லை. நாம் வரையும் குறுக்கும் நெடுக்குமான இரண்டு அச்சுகளைக்கூட அந்த நூலில் பார்க்க முடியாது.

என்னைக் கேட்டால், நேர்க்கோட்டுச் சமன்பாட்டு விஷயத்தில் மாலை ஃபெர்மாவுக்குத்தான் விழ வேண்டும். துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் உத்தியோகம், ஓய்வு நேரத்தில் கணக்கு. இரண்டு மாறிகள் கொண்ட முதல்படிச் சமன்பாடு எதுவானாலும் அது ஒரு நேர்க்கோடுதான் என்று தெளிவாகச் சொன்னவர் அவர். தெகார்த்தின் நூல் அச்சாகும் முன்பே எழுதியும்விட்டார். ஆனால் அது கையெழுத்துப் பிரதியாகவே சுற்றி, அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து 1679இல்தான் அச்சேறியது. புகழ் முந்தி அச்சிட்டவருக்குப் போய்விட்டது.

எம் என்ற எழுத்து நமக்குத் தெரிந்தவரை முதலில் தென்படுவது 1757இல், இத்தாலியரான வின்சென்சோ ரிக்காட்டியின் நூலில். அங்கே சி இல்லை, 'எம் எக்ஸ் + என்'. ஏன் எம் என்று அவர் காரணம் எழுதி வைக்கவில்லை. பிறகு பிரிட்டனில் ஓப்ரையன் 1844இலும், டப்ளினில் சால்மன் 1848இலும் எம்மைப் பாடநூலில் போட்டார்கள். டோட்ஹண்டர் 'எம் எக்ஸ் + சி' என்றே எழுதினார். அவருடைய பாடநூல்கள் பிரிட்டிஷ் இந்தியாவிலும் புழங்கியவை, நமக்கு சி வந்த வழி அதுவாக இருக்கலாம். அமெரிக்கப் பிள்ளைகள் சி-க்குப் பதில் பி போடுகிறார்கள். ரஷ்யாவில் சாய்வே கே. ஸ்வீடனில் இன்னும் வேடிக்கை: சாய்வுக்கு கே, நம் சி இருக்கும் இடத்தில் எம்!

கேள்வி: சாய்வும் வெட்டுத்துண்டும் கண்டுபிடிக்க ஓர் எளிய உதாரணம்?

பதில்: வெப்பமானி. செல்சியஸ் எக்ஸ், ஃபாரன்ஹீட் ஒய் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் உறைவது 0 செல்சியஸ், அதாவது 32 ஃபாரன்ஹீட். கொதிப்பது 100, அதாவது 212. செல்சியஸ் 100 ஏறும்போது ஃபாரன்ஹீட் 180 ஏறுகிறது. 180ஐ 100ஆல் வகுத்தால் 1.8, அதுதான் சாய்வு. செல்சியஸ் பூஜ்யமாகும் இடத்தில் ஃபாரன்ஹீட் 32, அது ஒய் வெட்டுத்துண்டு, அதாவது சி. ஆக, ஒய் = 1.8 எக்ஸ் + 32. எக்ஸ் வெட்டுத்துண்டுக்கு இந்த வடிவத்தில் தனி எழுத்து கிடையாது. ஒய்யைப் பூஜ்யமாக்கினால் –32ஐ 1.8ஆல் வகுக்க வேண்டும், சுமார் –17.8 வரும். செங்குத்தாக நிற்கும் கோட்டை மட்டும் இந்த வடிவத்தில் எழுத முடியாது. அதற்குச் சாய்வே வரையறுக்கப்படவில்லை, வகுக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்து உட்கார்ந்துவிடும்.