கூலி என்னும் சொல்

‘ஆயர் ஈத்தாம்’ என்பது மலாய்மொழியில் ‘கறுப்பு நீர்’ எனப் பொருள்படும் என்பதை நாம் அறிவோம். ஊர்ப்பெயருக்குப் பொருள் தேடும் நாம், நம் பாட்டனாரைக் குறித்த ஆங்கிலச் சொல்லொன்றையும் ஆராய்வோம். அச்சொல் ‘கூலி’.

தமிழில் கூலி என்பது ஆளைக் குறிப்பதன்று. உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தையே குறிக்கும். உழைப்பவர் கூலியாள் ஆவார். திருக்குறளின் 619ஆம் குறளில், உடல் வருந்த முயன்றவர் பெறும் பயனே கூலி எனப்படுகிறது. எத்துணை உயர்ந்த இடம்!

ஆங்கிலத்திலோ ஊதியம் மறைந்தது. ஆளே ‘கூலி’ ஆனார். குசராத்தி மக்களாகிய ‘கோலி’யரின் பெயரே இச்சொல்லுக்கு மூலம் என்பாரும் உளர். இரண்டும் கலந்தன என்பதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பின்னர்ச் சீனத் தொழிலாளரையும் ஆங்கிலேயர் இப்பெயராலேயே அழைத்தனர். மலாய்மொழியிலும் ‘கூலி’ என்பது ஆளையே சுட்டும். தென்னாப்பிரிக்காவில் அஃது இந்தியரை இழித்துரைக்கும் வசைச்சொல்லாயிற்று.

மலாயாத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தின்பேரில் வந்தோர் ‘சஞ்சிக்கூலிகள்’ எனப்பட்டனர். ‘சஞ்சி’ என்பது உறுதிமொழியைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் திரிபு. அம்முறை 1910இல் முடிவுற்றது. வீட்டில் முதியோர் இருப்பின், அவர்கள் பிறந்த லயத்தை வெள்ளைக்காரத் துரைமார் எப்பெயரால் அழைத்தனர் எனக் கேட்டுப் பாருங்கள். அங்கும் இச்சொல்லே நிற்கும்.