வீட்டுத் தோட்டத்தில் ஒட்டு ரோஜா

ஒசூர் ரோஜா என்றதும் அமுதகொண்டபள்ளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களே நினைவுக்கு வரும். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரின் குளிர்ந்த இரவுகள் ரோஜாவுக்கு மிகவும் ஏற்றவை. தறிவீட்டின் முற்றத்தில் நான்கு செடி வைக்க விரும்பும் அங்கத்தினருக்கும் அதே சீதோஷ்ணம் செலவின்றிக் கிடைக்கிறது. தாழ்ந்த கிருஷ்ணகிரியில் கோடைப் பூ சற்றுச் சிறுத்தே மலரும்.

ஆயினும், விலை கொடுத்து வாங்கிய செடி இரண்டாம் ஆண்டில் பூவாமல், முள்ளும் தழையுமாக நெடிது வளர்கிறதென்று குறை கூறுவோர் பலர். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்பர். பெரும்பாலும் அவர்மீது பழியில்லை.

ஒட்டுச் செடி என்பது இரு செடிகளின் சேர்க்கை. வேர், வலுவுள்ள காட்டினத்தினுடையது. அதன் தண்டில் நல்லினத்தின் மொட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டிய இடம் கணுப்போல் தடித்திருக்கும். அதற்குக் கீழே கிளம்பும் முளை யாவும் காட்டினமே. அது விரைந்து வளர்ந்து, வேர் திரட்டும் உணவைத் தானே கவர்ந்துகொள்ள, மேலுள்ள நல்லினம் மெலிந்து மடிகிறது. ஏழு சிற்றிலை இருந்தால் காட்டு முளை என்று கணக்கிடுவர். நல்லினங்களிலும் ஏழு உண்டாதலால் அதை நம்புதல் வேண்டா. மண்ணை விலக்கி, முளை புறப்படும் இடத்தைக் காண்பதே சரியான சோதனை. அதைக் கத்தரித்தால் அடியில் எஞ்சிய மொட்டுகள் மீண்டும் துளிர்க்கும்; இளமுளையாயிருக்கும்போதே அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும்.

நடும்போதே ஒட்டுக்கணு மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை தெரிய நட்டால் இக்கண்காணிப்பு எளிது. நீள, அகல, ஆழம் மூன்றும் 45 செ.மீ. உள்ள குழியில் மக்கிய தொழுவுரம் 10 கிலோ இடலாம். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். சாயத்தொட்டியின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றலாகாது. அதிலுள்ள காரமும் உப்பும் வேரைக் கெடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட நாள் பார்த்துக் கவாத்து செய்க. வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுக. ஏறத்தாழ ஏழு வாரத்தில் பூ வரும். பனிக்காலத்தில் இலைமேல் வெண்பொடி படர்ந்தால் சாம்பல் நோய். லிட்டர் நீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும்.